வியாழக்கிழமை வேன்

பெட்ரோல் நிலையக் கல்லாவில்
மீதி இரண்டு வெள்ளியை எண்ணியபடியே கேட்டாய்:
"வியாழக்கிழமை வேன் எத்தனை மணிக்குக்கா?
சின்னம்மாவுக்குத்தான்."

அமராவதி,
பகாவிலிருந்து சிரம்பானுக்கு
நான்கு வருஷமாய் ஓட்டுகிறேன்.
ஏறிய எல்லோருக்கும் முதலில்
ஒரு சின்னம்மா இருந்தாள்.
எனக்கும்தான்.
கிளினிக் மிஸ்ஸி திரையை இழுத்துவிட்டு
"சட்டையைக் கழற்றுங்க" என்றபோதுதான்
சின்னம்மா வரவில்லை என்று சொன்னேன்.

ஆகவே சின்னம்மாவிடம் இதைச் சொல்.
வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை
என்று இருந்துவிட வேண்டாம்.
எனக்கும் வலிக்கவில்லை.
குளிக்கையில் சோப்பு வழுக்காமல் நின்ற இடம்,
ஒரு கொண்டைக்கடலை அளவு.
கட்டியெல்லாம் அந்த நோயும் இல்லை.
ரொஸ்னானியை இரண்டு வாரம் அழவைத்தது
வெறும் நீர்க்கட்டி.
ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள்.
திரும்பும் வழியில் வேனுக்கே சென்டோல் வாங்கித் தந்தாள்.
ஆனால் எது எதுவென்று
கை சொல்லாது, பக்கத்து வீட்டுக்காரி சொல்ல மாட்டாள்,
அரைத்துக் கட்டிய பற்றும் சொல்லாது.
பூங்காவனம் எட்டு மாதம் பற்றுப் போட்டாள்.
பின் இருக்கை, ஜன்னலோரம், அவள் இடம்.
அது இன்னொரு நாளைக்கு.

ஒரு காகிதம் கொடுப்பார்கள், மலாயில்.
அதில் வரைந்திருக்கும் பெண்ணுக்கு முகமே கிடையாது.
புரியாவிட்டால் கேட்கச் சொல்.
நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.
மடித்துக் கண்ணாடிக்குப் பின்னால் செருகி
மூன்று நாள் வெயிலில் காயவிட்டேன்.

மருந்து என்றால் எனக்குத் தெரிந்தது
செம்பனைக்கு அடியில்
முதுகில் தோம்பு சுமந்து அடித்த புல்மருந்து.
பதினொரு வருஷம்
மருந்தடிக்கிறவள் என்றே பேர்.
அதனாலா என்று டாக்டரைக் கேட்டேன்.
தெரியாது என்றார்.
தெரியாததைத் தெரியாது என்ற அந்தப் பிள்ளைமேல்
அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.
பிறகு என் கையில் ஏறியது சிவப்பு மருந்து.
சிறுநீர் சிவந்து போகும், ரத்தம் இல்லை, பயப்படாதே:
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
ராத்திரி இரண்டு மணிக்குக் கழிப்பறையில் நின்று
பிள்ளைகள் பேரை ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
உன் சின்னம்மாவுக்கு நான் சொல்லிவிட்டேன்.

பள்ளி ஆண்டு மலரில் ஒரு வாத்தியார்
என்னைப் பால்மரம் என்று எழுதினார்.
கீறிய மரமாம், இன்னும் சுரக்கிறதாம்.
நான் பால்மரம் சீவியதே இல்லை.
எனக்கு முந்தியே செம்பனை வந்துவிட்டது.

எடுத்த பக்கத்துக்குச் சிலிக்கோன் விலை கேட்டு
வாயை மூடிக்கொண்டு வந்தேன்.
கிளோரி மேரிதான் பருத்தித் துணியில் பை தைத்துப்
பச்சைப்பயறு நிரப்பித் தந்தாள்.
எடை சரியாக இருந்தது.
தீமிதியன்று அடைமழை.
காய்ந்துவிடும் என்று மறுநாளும் அதையே போட்டேன்.
மூன்றாம் நாள் எடுத்தால்
தையல் வழியே வெள்ளை வெள்ளையாய் முளை.
சிரித்தேன். சிரித்தபடியே
குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
புருஷன் கதவைத் தட்டினார். திறந்தேன்.
அறுத்த பிறகு அவர் அந்தப் பக்கம் பார்த்தது
அன்றைக்குத்தான்.
தழும்பைப் பார்த்தார். முளையைப் பார்த்தார்.
"கறி வைக்கலாமா?" என்றார்.

ஏழே கால்.
பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு
நேராக உன் நிலையத்துக்கு வருவேன், காற்றடிக்கிற பக்கம்.
அடையாள அட்டை, ஐந்து வெள்ளி,
முன்னால் பொத்தான் வைத்த சட்டை.
பசியாறிவிட்டு வரச் சொல், அங்கே நேரமாகும்.
முன் இருக்கை காலி.
ஏர்கோன் அங்கே மட்டும்தான் ஒழுங்காக வரும்.
யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.
சிரம்பான் வரைக்கும் அவள்
சின்னம்மாவாகவே வரட்டும்.